தட்டிப் பார்க்கிற விரல்

தாஸிம் நானாவின் மொறிஸ் மைனர் எங்கள் தோட்டத்துக்குள் வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்து கொஞ்சம்தான் ஆகியிருந்தது. லுணுகலைக் கடைவீதியில் வாடகைக்கு ஓடுகிற கார் அது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தைச் சுற்றிக்கொண்டு, ஒருமுறை ஹோர்ன் அடித்து, எங்கள் வரிசை வீட்டு லயத்து வாசலில் வந்து நின்றது. கோழிகள் சிதறி ஓடின. நானா இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "மூட்டைய முன்னுக்கு வைங்க, புள்ளத்தாச்சிய பின்னுக்கு ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள், என் கண்ணுகளா. ஒன்றும் இல்லைதான். ஒரு கார் வந்தது. அதன் வயிற்றில் பெட்ரோல் இருந்தது.

அந்தப் பெட்ரோலைப் பற்றி எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பிள்ளைத்தாச்சி வேறு யாருமில்லை, என் தம்பி மாடசாமியின் பெண்சாதி பெரியாயி. தலைச்சன் பிள்ளை. காலையிலிருந்து வலி. தோட்டத்து டிஸ்பென்சர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தப்பும் என்று சொல்லிவிட்டார். மாடசாமி தேயிலை ஸ்டோரில் வேலையாக இருந்தான். அவனுக்கு ஆள் அனுப்பிவிட்டு, காத்திருக்கப் பொழுதில்லாமல் நான் அவளோடு காரில் ஏறினேன்.

புறப்படுமுன் கங்காணி பொன்னையா ஓடி வந்தார். வயசான மனுசன், மூச்சு வாங்கியது.

"இந்நேரம் புல்லுமலை அடியால போகாதீங்க. மேகம் இறங்குது."

"வேற ரோட்டு நீங்க போட்டு வச்சிருக்கீங்களா கங்காணியாரே?" என்று தாஸிம் நானா சிரித்தார். "சொல்லுங்க, அதால போறேன்."

பொன்னையா சிரிக்கவில்லை. காரின் பின்பக்கத்தை, பெட்ரோல் ஊற்றுகிற மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் அப்படிப் பார்த்தார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமானால், நான் அதற்கு முந்தின தீபாவளிக்குப் போக வேண்டும்.

பஞ்ச காலம் அது. பாண் ரொட்டிக்கு வரிசை, மாவுக்கு வரிசை. கறிக்குத் தாளிக்கவே தேங்காய் எண்ணெய் கிடையாது. தீபாவளி முடிந்த வாரத்தில், புல்லுமலைக்குக் கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து நிரையில் நிற்கிறவள் தெரியாத மேகம். அந்த மேகத்துக்குள் ஒரு சின்ன ஆகாயக் கப்பல் சுற்ற ஆரம்பித்தது.

சுற்றியது. போனது. திரும்ப வந்தது.

"துரைக்குப் புதுக் கார் வருது போல" என்றாள் ஒருத்தி. "இறங்க எடம் தேடுறான்."

"கொழுந்துக் கூடையில இறங்கச் சொல்லு, வெறுமையாத்தானே கெடக்கு" என்று பொன்னையா கங்காணி அதட்டினார். எல்லோரும் சிரித்தோம். அப்போது அதன் சத்தம் மாறியது. சளி பிடித்த கிழவனைப் போல இருமியது. ஒரு இருமல். பிறகு நீண்ட ஒரு இருமல்.

பிறகு ஒன்றுமில்லை.

சத்தம் நின்ற பிறகும் அது பறந்துகொண்டுதான் இருந்தது, பிள்ளைகளே. எஞ்சின் இல்லாமல், காற்றைக் கிழிக்கிற சீழ்க்கை மட்டும் தலைக்கு மேலே வட்டமடித்தது. மேகம் ஒரு கணம் கிழிந்தது. எங்கள் தலையை உரசுவதுபோல அது போனது. பெரியாயி கையைத் தூக்கிக் கும்பிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகம் தன்னைப் பார்த்தது என்று பிற்பாடு சொன்னாள்.

தகரத்தைக் கிழித்தது போல ஒரு சத்தம் புல்லுமலையில் கேட்டது.

ஆண்கள் ஓடினார்கள். மாடசாமியும் ஓடினான். திரும்பி வந்து, சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "ஒரு பொட்டு நெருப்பு இல்லக்கா" என்றான். "புகை இல்ல. எண்ணெ வாசம்கூட இல்ல. அந்தாளு ஒருத்தர்தான். விரல மடக்கி ஒரு வட்டக் கண்ணாடிய தட்டிக்கிட்டே இருந்திருக்கார். வெரல் மொளி தோலுரிஞ்சி எலும்பு தெரியுது. கண்ணாடி ஒடைஞ்சி போச்சு."

அதிகாரிகள் வந்தார்கள். மேகத்துக்குள் வழி தப்பி, எண்ணெய் தீரும்வரை சுற்றி விழுந்திருக்கிறது, எண்ணெய்த் தாங்கி காய்ந்து கிடக்கிறது என்று சொன்னார்கள். பிரேதத்தைக் கொண்டுபோனார்கள். உடைந்த றெக்கைகளை அப்படியே விட்டுவிட்டார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் மலையில் யார் செத்தாலும், உயிர் போன இடத்தில் பதினாறு வரைக்கும் பொழுது சாய விளக்கு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்த உயிர் வழி தெரியாமல் தேயிலை நிரைக்குள் நிற்கும். இந்த அந்நிய மனுசனுக்கு யார் வைப்பது? ஒருவரும் முன்வரவில்லை. பெரியாயிதான் போனாள். அப்போது அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"யாரு பெத்த புள்ளையோ அண்ணி. என்னயப் பாத்துக்கிட்டே போச்சு."

தேங்காய் எண்ணெய் இல்லை. அதனால் குப்பி லாம்பில் மண்ணெண்ணெய் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

பொன்னையா வழிமறித்தார். "செத்ததுக்கு மண்ணெண்ண வைக்கக் கூடாது புள்ள. விறகுக்கு ஊத்துறது அது. நம்ம பெரியவங்க வச்சதில்ல."

"வெளிச்சத்துக்குப் போயி சாதி பாக்கப் போறாரா கங்காணியய்யா? இருக்கிறதத்தானே வைக்க முடியும்" என்று சிரித்தாள் பெரியாயி.

அவள் மனசில் இருந்தது இரக்கம்தான். ஆனால் பாருங்கள், எண்ணெய்க்காக ஏங்கியே செத்த ஒன்றின் வாயில் எண்ணெயைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் குப்பி காய்ந்திருந்தது. திரியோ வெள்ளை வெளேரென்று இருந்தது, எரியவே இல்லை. யாரோ எண்ணெயைத் திருடுகிறார்கள் என்று திட்டிக்கொண்டே தினமும் ஊற்றினாள். பதினாறு முடிந்ததும் நிறுத்திவிட்டாள்.

நிறுத்திய அன்று பொழுது சாயும்போது, எங்கள் லயத்தின் மேல் கோடிக் காம்பராவில் ஒரு சத்தம் கேட்டது.

டக். டக்.

மடக்கிய விரல் கண்ணாடியில் படுகிற சத்தம். அந்த வீட்டு விளக்கு அணைந்தது. அடுத்த காம்பரா. டக். டக். அதுவும் அணைந்தது. ஒவ்வொரு வாசலாக அது வந்தது. எங்கள் வீட்டுக் குப்பி என் கண் முன்னாலேயே வற்றியது. பிள்ளை பால் குடிப்பது போல எண்ணெய் ஒரே சீராக இறங்கியது. குப்பிக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மூச்சுப்பட்டது போல ஒரு பனிப்படலம் படர்ந்தது.

லயம் முழுதும் பெரியாயியைத் திட்டித் தீர்த்தது. "மலையில கெடந்தத வீட்டுக்குக் கூட்டி வந்தவ" என்று பீலியில் தண்ணீர் பிடிக்கவும் விடவில்லை. ஒருத்தி அவள் குடத்தை உதைத்தாள். கோயிலில் கட்டிய கயிறும் விபூதியும் ஒன்றுக்கும் உதவவில்லை. கடைசியில் பொன்னையாதான் சொன்னார்: "குடிக்கிறதுக்கு ஒண்ணும் வச்சிக்காதீங்க. வெறுங்கையோட அது எத்தன நாளைக்கு நிக்கும்?"

அன்றிலிருந்து எங்கள் லயத்தில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கிடையாது. அடுப்பு வெளிச்சத்திலேயே உண்டு, அடுப்பு வெளிச்சத்திலேயே படுத்தோம். தட்டும் சத்தம் நின்றது. அது மலைக்குத் திரும்பிவிட்டது என்று நினைத்தோம்.

அது அங்கே தாகத்தோடு இருந்தது.

அதன் காலடிக்குத்தான் நாங்கள் வயிறு நிறைந்த ஒரு காரில் போய்க்கொண்டிருந்தோம்.

புல்லுமலை அடியில் ரோட்டு வளைகிற இடத்தில் மேகம் எங்களை மூடியது. நானா விளக்கைப் போட்டார். வெளிச்சம் ஒரு முழத்துக்கு அப்பால் போகவில்லை. ஈரப் புல்லின் வாசம் வந்தது. அதற்குள் இன்னொரு வாசம், பழைய தகரத்தை நக்கினது போல. பெரியாயி என் மடியில் தலை வைத்திருந்தாள். வலி வரும்போது என் கையை நெரித்தாள்.

"இன்னும் தூரமா அண்ணி?"

"பசறை வந்திரும் தாயி. அங்கேயிருந்து பதுளை பக்கந்தான்."

முன்னால் நானா எதையோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். பெட்ரோல் முள்ளுக்கு மேலே இருந்த கண்ணாடியை விரலை மடக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

டக். டக்.

"நானா, அப்படித் தட்டாதீங்க."

"முள்ளு எறங்குது தங்கச்சி. பைத்தியம் புடிச்ச முள்ளு. இப்பதானே லுணுகலையில நெறப்பினேன், பெட்ரோல் நெறைய ஈக்குது." சிரிக்கப் பார்த்தார். "எல்லா டிரைவரும் தட்டிப் பாக்கிறதுதான்."

அவர் கையை எடுத்துவிட்டார்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

டக். டக்.

அது வெளியிலிருந்து வந்தது.

கார் இருமியது. அந்த இருமல் எனக்குத் தெரியும். ஒரு இருமல். பிறகு நீண்ட ஒரு இருமல். வண்டி உருண்டு போய் மண்மேட்டில் முட்டி நின்றது.

நானா இறங்கிப் போய் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சியைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்து ஏறினார். முகம் வெளுத்திருந்தது. "காய்ஞ்சி போய் ஈக்குது. ஒழுகவும் இல்ல, ரோட்டுல ஒரு சொட்டு இல்ல. யா அல்லாஹ், எங்க போச்சு?"

அப்போதுதான் மேலே கேட்டது.

எஞ்சின் இல்லாத சீழ்க்கை.

மேகத்துக்குள் வட்டமடித்தது. போனது. திரும்ப வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் தாழ்ந்தது. காரின் கூரைத் தகரம் நடுங்கியது.

பிறகு நிசப்தம்.

டக். டக். முன் கண்ணாடி.

டக். டக். நானாவின் பக்கம்.

டக். டக். என் பக்கம். தோலுரிந்த ஒரு மொளி கண்ணாடியில் பட்டு விலகியதைக் கண்டேன். அதற்குப் பின்னால் கை இல்லை. மேகம்தான் இருந்தது.

"அவருதான் அண்ணி" என்றாள் பெரியாயி மெதுவாக. அவள் பக்கக் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. "நான் கும்பிட்டேன்ல, அந்த மூஞ்சி. ஆனா இப்ப..."

"பாக்காத தாயி. கண்ண மூடு."

"இப்ப பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்குது அண்ணி."

அவளுக்கு வலி எடுத்தது. இதுவரை வராத வலி. உடம்பு வில்லாய் வளைந்தது. பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம்கூடப் பொறுக்காது என்று எனக்கே விளங்கியது. நானா சாவியைத் திருப்பினார், திருப்பினார். எஞ்சின் செத்துக் கிடந்தது.

பெரியாயி தலையைத் தூக்கி அந்தப் பனிபடர்ந்த கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள்.

"ஏங்க, எங்ககிட்ட எண்ணெ இல்லீங்க. இருந்தப்ப குடுத்தேன்ல? வேற என்ன வேணுமோ எடுத்துக்கங்க. வண்டிய விடுங்க. எம் புள்ளைய விடுங்க."

"என்ன புள்ள சொல்ற!" என்று அவள் வாயைப் பொத்தினேன். சொல் வெளியே போய்விட்டது.

காருக்குள் குளிர் வந்தது. கதவு திறக்கவில்லை, கண்ணாடி இறங்கவில்லை. என் தோள்பட்டை எலும்பில் ஏதோ பட்டது. மடக்கிய விரல். பனிக்கட்டி போல. சந்தையில் பானை வாங்குகிறவள் தட்டிக் காது கொடுப்பாளே, அதே மாதிரி இரண்டு தரம் தட்டிவிட்டுக் காத்திருந்தது.

நான் போதாது போலிருக்கிறது.

நானா "ஆ" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவரையும் தட்டிப் பார்த்துவிட்டு விலகியது.

பெரியாயியின் முன்கையில் தோல் குழிந்தது. ஒரு தரம். இரண்டு தரம். பச்சை நரம்புக்கு நேர் மேலே.

அங்கே நின்றது.

நானாவின் கையில் இருந்த சாவி திரும்பியது. கார் முனகி, பிடித்துக்கொண்டது. முள் மெல்ல மெல்ல மேலே ஏறியது.

நானா கலிமா ஓதிக்கொண்டே ஓட்டினார். மேகம் விலகி, பசறைக் கடைகளின் விளக்குகள் தெரிந்தபோது எனக்கு அழுகை வந்தது. தப்பிவிட்டோம் என்று பெரியாயியின் கன்னத்தைத் தடவினேன். ஈர மண் போல இருந்தது.

"குளிருது அண்ணி."

கம்பளியைச் சுற்றினேன். உதடு வெளுத்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. முன்னால் முள் இறங்கிக்கொண்டிருந்தது. முள்ளைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மேடு ஏறும்போது எஞ்சின் உறுமியது. அவள் கண் சொருகியது. இறக்கத்தில் எஞ்சின் அடங்கியது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நானாவும் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். காரின் வேகம் குறைந்தது.

"தங்கச்சி..." என்றார் நானா. "இந்த வண்டி எதுல ஓடுதுன்னு எனக்கு விளங்குது. நான் நிப்பாட்டுறேன்."

"நிப்பாட்டுங்க நானா!" என்று கத்தினேன்.

பெரியாயியின் கை அவர் சட்டைக் காலரை எட்டிப் பிடித்தது. அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

"நிப்பாட்டினா ரெண்டு பேரும் போயிருவோம். ஓட்டுங்க. புள்ள வெளிய வரட்டும்."

"பெரியாயி..."

"அண்ணி, அவருகிட்ட சொல்லுங்க. ஓட்டச் சொல்லுங்க."

அவள் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நானா அழுதுகொண்டே வேகத்தைக் கூட்டினார்.

பதுளை ஆஸ்பத்திரி வாசலில் கார் தானாக நின்றது. முள் அடியைத் தொட்டிருந்தது. அவளைத் தூக்கிய ஆட்கள், பஞ்சுப் பொதி போல இருக்கிறாளே என்றார்கள். உள்ளே கொண்டுபோனார்கள். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். பிறகு ஒரு பிள்ளையின் அழுகை கேட்டது. நல்ல தெம்பான அழுகை.

டொக்டர் செல்வநாயகி வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. கோபமா பயமா என்று தெரியாத முகம்.

"பொம்பிளைப் பிள்ளை. சுகமா இருக்கு. தாய் போயிட்டா." கொஞ்சம் நிறுத்தினார். "இவவின்ர இரத்தம் முழுக்க எங்க போனது? உடம்பில ஒரு காயம் இல்லை, சீலையில ஒரு சொட்டும் காணேல்லை. வழியில என்ன நடந்தது, சொல்லுங்கோ."

வெளியே வந்தேன். நானா காரின் பின்னால் குந்தியிருந்தார். மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்திருந்தார். அதன் நுனியில் ஏதோ கொஞ்சம் ஒட்டியிருந்தது. மூக்குக்கிட்ட கொண்டுபோனவர் அதைத் தூர எறிந்துவிட்டு, கையை மண்ணில் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் காட்டவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் லுணுகலைக்குப் போனவர், அதற்குப் பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை.

பிள்ளைக்குத் தவமணி என்று பெயர் வைத்தேன். மாடசாமி அதன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றான். அடுத்த வருஷமே பாஸ்போட் வந்து, கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டான். நான்தான் வளர்த்தேன். நல்ல பிள்ளை. சொன்ன பேச்சுக் கேட்பாள், சத்தம் போட மாட்டாள்.

ஒரே ஒரு பழக்கம்தான். தண்ணீர்க் கோப்பையைக் கையில் கொடுத்தால், குடிக்குமுன் விரலை மடக்கி இரண்டு தரம் தட்டுவாள். சோற்றுப் பானையைத் தட்டுவாள். குடத்தைத் தட்டுவாள். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அவள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு ஐப்பசி மாதம் எனக்குக் காய்ச்சல். சாயந்தரம், வெளிச்சம் இன்னும் போகவில்லை. மேகம் வாசல்வரை வந்து நின்றது. நான் சாக்குக் கட்டிலில் சுருண்டு கிடந்தேன். அவள் பள்ளிக்கூடப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குளிருதா அத்த?"

"கொஞ்சம்டா தங்கம்."

கூரைத் தகரம் நடுங்கியது. அதற்கு மேலே, மேகத்துக்குள், எஞ்சின் இல்லாத அந்தச் சீழ்க்கை ஒரு சுற்றுச் சுற்றிப் போனது. தவமணி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அது புதிசு இல்லை என்று அவள் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

பிறகு என் கம்பளியை விலக்கினாள். தோள்பட்டை எலும்பைத் தேடிப் பிடித்தாள். முன்பு தட்டிய அதே எலும்பு. சின்ன விரலை மடக்கினாள்.

டக். டக்.

தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இன்னும் இருக்கு, அத்த."